நியூட்ரல் தெரியாத வீட்டுக்கு ஆட்டோமேட்டிக் கார் எதுக்கு?

இந்தப் பதிவைப் படித்துவிட்டு நாலு பேராவது என்னோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். பரவாயில்லை. அதில் இரண்டு பேருக்குக் கார் லோன் சாங்ஷன் பண்ணியதே நான்தான். இஎம்ஐ தானாகக் கழிந்துகொண்டிருக்கும் வரை எனக்குக் கவலையில்லை :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொசைட்டி வழியில் ஆட்டோமேட்டிக் காரை 'பி'-யில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர், அந்த வழியில் ஒரு சுவரைக் கட்டிவிட்டுப் போகிறார். சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும், அந்தக் காரை 'பி'-யிலிருந்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது என்றால் அதுவும் அதே சுவர்தான். பதினைந்து லட்சம் கொடுத்துக் கார் வாங்கத் தெரிந்தவருக்கு, இதை வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை என்பதை நான் நம்பத் தயாரில்லை.

"என்னய்யா, ஒரு கியர் மாத்துறதுக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

டில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிய சங்கதி. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பல காலனிகளைக் கட்டியபோது வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் என்று கணக்குப் போட்டார்கள் போல. இன்றைக்கு வீட்டுக்கு இரண்டு கார். அதனால் சொசைட்டியானாலும் மார்க்கெட்டானாலும் ஒரு காருக்குக் குறுக்கே இன்னொரு கார் நிற்கும். இதற்கு டில்லிக்காரர்கள் கண்டுபிடித்த தீர்வு அபாரமானது. குறுக்கே நிறுத்துகிறவர் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. கியரில் விடக் கூடாது. ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். பார்க்கிங்காரர் வாயைத் திறந்தாலே "ஹேண்ட்பிரேக் மத் லகானா, நியூட்ரல் மே சோட் தேனா" என்பதுதான் முதல் வாக்கியம். உள்ளே மாட்டிக்கொண்டவர் வந்து, முன்னால் நிற்கிற காரின் பம்பரில் கைவைத்து இரண்டு தள்ளு தள்ளி, தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். கரோல் பாக்கில் பட்டுப்புடவை கட்டிய மாமிகள் தள்ளிப் பார்த்திருக்கிறேன். மலை மந்திருக்குக் கிருத்திகைக்கு வருகிறவர்களும் இதில் கைதேர்ந்தவர்கள்தான்.

யாரும் எழுதிவைக்காத சட்டம் இது. சமதரையான ஊர் என்பதால் நன்றாகவே ஓடியது. இதை உடைத்தது ஆட்டோமேட்டிக் கார்.

'பி' என்பதை ஹேண்ட்பிரேக்குக்கு இன்னொரு பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அது வேறு, இது வேறு. கியர்பாக்ஸுக்குள் ஒரு பல் சக்கரம் இருக்கிறது. லீவரை 'பி'-க்குத் தள்ளினால் ஒரு சின்ன இரும்புக் கொக்கி அந்தப் பற்களுக்கு நடுவே போய் விழும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தக் கொக்கி விழுந்த பிறகு இன்ஜினோடு சேர்ந்த சக்கரங்கள் சுற்றாது. பத்து பேர் சேர்ந்து தள்ளினாலும் கார் குலுங்கும், நகராது.

கொக்கியை எடுக்க வேண்டுமானால் லீவரை நகர்த்த வேண்டும். லீவருக்கு இன்னொரு பூட்டு. இக்னிஷன் ஆன் ஆகி, பிரேக்கையும் மிதித்தால்தான் மின்சாரம் போய் அந்தப் பூட்டு விலகும். பேட்டரி செத்திருந்தால் விலகாது. பேட்டரி நன்றாக இருந்தும், பிரேக் விளக்கின் ஸ்விட்சோ ஃப்யூஸோ போயிருந்தால் அப்போதும் விலகாமல் போகலாம். (பிரேக்கை மிதித்தும் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை, லீவரும் அசையவில்லை என்றால் முதலில் அந்த ஃப்யூஸைப் பாருங்கள். மெக்கானிக்குக் கொடுக்கிற ஆயிரம் ரூபாய் மிச்சம்.)

இந்தப் பூட்டு எதற்கு வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1986 நவம்பரில் அமெரிக்காவில் சிபிஎஸ் டிவியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் ஆடி 5000 கார்கள் தானாகச் சீறிப் பாய்கின்றன என்று காட்டினார்கள். பெரிய கலாட்டா. ஆடி கம்பெனி, பிரேக்கை மிதித்தால்தான் 'பி'-யிலிருந்து லீவர் நகரும் என்கிற இந்தப் பூட்டைப் பொருத்திக் கொடுத்தது. 1989-ல் அந்த நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை அறிக்கை வந்தது. பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றார்கள். பிறகு, காருக்குள் விளையாடிய குழந்தைகள் லீவரை இழுத்து வண்டி உருண்டு போன விபத்துகளைப் பார்த்து 2008-ல் சட்டமே போட்டார்கள். 2010 செப்டம்பருக்குப் பிறகு அங்கே விற்கிற ஆட்டோமேட்டிக் கார்களில் இந்தப் பூட்டு கட்டாயம்.

ஆக, பூட்டு நல்லது. குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. எனக்குப் பூட்டோடு சண்டை இல்லை. பூட்டைப் போட்டுவிட்டு அதன் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லாமல் இருக்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை.

மாற்றுச் சாவி இருக்கிறதா? பெரும்பாலான கார்களில் இருக்கிறது! லீவருக்குப் பக்கத்திலேயே, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைப் பெயர்த்தால் ஒரு துளை. அதற்குள் சாவியையோ ஸ்குரூடிரைவரையோ விட்டு அமுக்கினால் மின்சாரம் இல்லாமலே லீவர் நகரும். சில கார்களில் துளை லீவரின் தோல் உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும். சிலவற்றில் மூடி இல்லாமல் பட்டனாகவே இருக்கும். நம் பதிவர் வட்டத்திலேயே ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் அந்த மூடியைத் திறந்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

*

2023 ஜூனில் எங்கள் சொசைட்டியில் நடந்தது. நான் அன்றைக்கு ஆடிட் வேலையாகச் சண்டிகரில் இருந்தேன். மறுநாள் திரும்பியதும் வாட்ச்மேனிலிருந்து செக்ரெட்டரி வரை எல்லோரும் சொன்னதைக் கோத்து எழுதுகிறேன்.

ராத்திரி ஒன்றரை மணி. பின் பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவருக்கு வாய் கோணி, இடது பக்கம் செயலிழந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிஷத்தில் கேட்டுக்கு வந்துவிட்டது. கேட்டிலிருந்து பின் பிளாக்குக்கு ஒரே வழி. அந்த வழியில் குறுக்கே மூன்று கார். முதல் இரண்டும் கியர் வண்டி, நியூட்ரலில் இருந்தன. ஒரு நிமிஷத்தில் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது ஒரு ஆட்டோமேட்டிக் எஸ்யூவி. 'பி'.

வண்டிக்காரர் நம்ம ஆள்தான், தஞ்சாவூர்ப் பக்கம். ஆபீஸ் வேலையாகக் குவாஹாட்டி போயிருந்தார். மனைவி சாவியோடு ஓடி வந்திருக்கிறார். "எனக்கு ஓட்டத் தெரியாதே, யாராவது எடுங்களேன்" என்று சாவியை நீட்டினால், கார் ரிமோட்டுக்குத் திறக்கவில்லை. மூன்று வாரமாக எடுக்காத வண்டி, பேட்டரி காலி. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து யாரோ ஒரு பையன் கதவைத் திறந்தான். லீவரை இழுத்தான். அசையவில்லை. கணவருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். பன்னிரண்டு பேர் தள்ளிப் பார்த்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சர் போகவும் இடுக்கில் வழியில்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவரை உட்காரவைத்து, நாலு பேர் கார்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இருபது நிமிஷம் போய்விட்டது.

பெரியவர் பிழைத்தார். இடது கை இன்னும் சரியாகவில்லை. அந்த இருபது நிமிஷம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு நிமிஷக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

எனக்கு ஆத்திரம் வந்தது அதற்கு அடுத்த நாள். சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பெண்மணியை ஆளாளுக்குக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். "கார் ஓட்டத் தெரியாத லேடீஸிடம் சாவி எதற்கு?" என்று ஒருவர். எவருடைய சொந்த வீட்டிலும் அந்த மூடியைப் பற்றித் தெரிந்த ஒரு ஆள் கிடையாது. இவர்கள் அந்தம்மாவுக்கு வகுப்பு எடுக்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கார் புத்தகம் கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. பிரித்து, அந்தப் பக்கத்தைத் தேடி, அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூடியைப் பெயர்த்து, பிரேக்கை மிதித்து, சாவியால் அமுக்கி லீவரை இழுத்தார். 'டக்' என்று நியூட்ரல். ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஸ்டியரிங்கில் கைவைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவ்வளவுதானா சார்? இதை ஏன் எனக்கு யாருமே சொல்லலை?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. யாரெல்லாம் சொல்லியிருக்க வேண்டும்?

*

முதலில் கார் ஷோரூம்காரர்கள். டெலிவரி எடுக்கிற அன்று நடக்கும் வைபவம் உங்களுக்குத் தெரியும். காருக்குச் சிவப்புத் துணி போர்த்தி, கேக் வெட்டி, தேங்காய் உடைத்து, குங்குமத்தில் ஸ்வஸ்திக் போட்டு, பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். நம்மவர்கள் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அந்தப் பையன் ப்ளூடூத்தில் பாட்டு வரவைக்கக் கால் மணி நேரம் சொல்லிக்கொடுப்பான். சன்ரூஃப் திறக்க ஐந்து நிமிஷம். பேட்டரி போனால் வண்டியை எப்படி நகர்த்துவது என்பதற்கு அரை நிமிஷம் கிடையாது. கேட்டால், "சார், ரோடு சைடு அசிஸ்டன்ஸ் நம்பர் இருக்கு, கால் பண்ணுங்க" என்பான். ராத்திரி ஒன்றரை மணிக்கு, ஆம்புலன்ஸ் நிற்கும்போது, 'ஹிந்திக்கு ஒன்றை அழுத்தவும்' என்று கேட்டுக்கொண்டு நிற்கச் சொல்கிறான்.

இரண்டாவது கார் கம்பெனிகள். தென் கொரியாவில் அடுக்குமாடிகளில் டில்லி மாதிரியே குறுக்கே நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, அடுத்தவர் தள்ளிக்கொள்கிற வழக்கம் இருக்கிறது. அங்கேயும் ஓடுவது ஆட்டோமேட்டிக் கார்தான். நிறுத்திய பிறகு லீவரை நியூட்ரலில் விட்டுவிட்டுப் போக அந்தத் துளையையோ பட்டனையோ சர்வசாதாரணமாக உபயோகிக்கிறார்கள். அதே நாட்டுக் கம்பெனிகள் நம் நாட்டிலும் லட்சக்கணக்கில் கார் விற்கின்றன. அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இங்கே புத்தகத்தின் நானூறு சொச்சம் பக்கங்களுக்குள் புதைந்து கிடக்கிறது. அந்த மூடிமேல் ஒரு சின்ன நியூட்ரல் படம், சன் வைசரில் நாலு வரி ஸ்டிக்கர். இதற்கு என்ன செலவாகிவிடும்?

புதுசாக வருகிற வண்டிகள் இன்னும் மோசம். லீவருக்குப் பதில் திருகு, பட்டன். எல்லாம் மின்சாரம். ஹேண்ட்பிரேக்கும் பட்டன். அந்தத் துளையே பல வண்டிகளில் இல்லை. பேட்டரி செத்தால் 'பி'-யும் விலகாது, பிரேக்கும் விலகாது. ஜம்ப் ஸ்டார்ட் ஒன்றுதான் கதி. மின்சாரக் கார் வாங்கியவர்கள் "நம்ம பேட்டரி எண்பது பர்சன்ட் இருக்கே" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அந்தப் பெரிய பேட்டரி வேறு. கதவு, திரை, கியர் பட்டனை எல்லாம் எழுப்புவது பெரும்பாலும் தனியாக இருக்கும் ஒரு 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் கார் பொம்மைதான். இப்படி ஒரு கதவைக் கட்டிவிட்டு, அதற்கு மாற்று வழியே வைக்காமல் 'பிரீமியம்' என்று பெயர் வைத்து இரண்டு லட்சம் கூட வாங்குகிறார்கள்.

ஏஎம்டி வண்டிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2014-ல் மாருதி செலேரியோ கொண்டுவந்து பிரபலமாக்கிய வகை. அதில் பெரும்பாலும் 'பி' கிடையாது. கியரில் போட்டே நிறுத்தச் சொல்கிறார்கள். கியரை மாற்றுவது மின்சாரம் என்பதால், பேட்டரி செத்தால் கியரிலேயே மாட்டிக்கொள்ளும். விளைவு ஒன்றுதான்.

மூன்றாவது சொசைட்டிகள். உயரமான கட்டிடங்களுக்குத் தீயணைப்பு வண்டி நுழையும் வாசல் 6 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டிட விதித் தொகுப்பு சொல்கிறது. பில்டர் 6 மீட்டர் விட்டான். நாம் அதில் இரண்டு பக்கமும் கார் நிறுத்தி இரண்டரை மீட்டர் ஆக்கிவிட்டோம். டில்லிக்காரர்களுக்கு உப்ஹார் தியேட்டரை நினைவுபடுத்த வேண்டியதில்லை. 1997 ஜூன் 13. தரைத்தள பார்க்கிங்கில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீ, அங்கே நின்ற கார்களுக்குப் பரவி, புகை பால்கனிக்கு ஏறி 59 பேர் செத்தார்கள். அனுமதிக்கு மாறாகக் கார்களை நிறுத்தியிருந்தது கோர்ட்டில் எண்ணப்பட்ட குற்றங்களில் ஒன்று. ஆனாலும் நம் ஏஜிஎம்மில் இரண்டு மணி நேரம் ஹோலி பட்ஜெட்தான் பேசுவோம்.

நாலாவது, முக்கியமாக, நாம்தான். வெளியூரில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? மே மாதம் பள்ளிக்கூடம் மூடினால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். ஜூன் கடைசியில் திரும்புகிறோம். நாற்பது நாள் கார் அசையாமல் டில்லி வெயிலில் நிற்கிறது. பேட்டரி செத்துப்போக இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா? காஸ் சிலிண்டரை மூடினோமா என்று ஆக்ராவில் போன் பண்ணிக் கேட்கிற நாம், கார் சாவியை யாரிடமாவது கொடுத்தோமா என்று யோசிப்பதில்லை.

*

பேங்க்காரன் என்பதால் எனக்கு ஒரு உதாரணம்தான் வரும். கிளையில் ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டு பேரிடம் இருக்கும், ஜாயிண்ட் கஸ்டடி. ஒருவர் மட்டும் வந்து திறக்க முடியாது. பாதுகாப்பு. ஆனால் அதோடு நிறுத்திவிட மாட்டோம். இரண்டு சாவிக்கும் டூப்ளிகேட் செட் சீல் வைத்து இன்னொரு கிளையில் டெபாசிட் ஆகியிருக்கும். அதற்கு ரெஜிஸ்டர் உண்டு. ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். ஏன்? சாவி வைத்திருப்பவர் நாளைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கிளை திறக்க வேண்டுமே! திறக்கிற வழியை இன்னொருவருக்குத் தெரியப்படுத்தாத பூட்டை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

உங்கள் காரை அந்த ஆடிட்டர் பார்த்தால் என்ன எழுதுவார் என்று யோசியுங்கள்.

இதைச் சொன்னதும் வந்த மறுப்புகளையும் பார்த்துவிடலாம்.

"எல்லாருக்கும் சொன்னா திருடன் தள்ளிட்டுப் போயிடுவான்." அந்தத் துளை பூட்டிய காருக்குள் இருக்கிறது ஐயா. உள்ளே வந்துவிட்ட திருடனுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

"தள்ளினா கியர்பாக்ஸ் கெட்டுடும்." நியூட்ரலில் பத்தடி தள்ளினால் ஒன்றும் ஆகாது. 'பி'-யில் வைத்துக் கிரேன் போட்டு இழுத்தால்தான் கெடும்.

"வாரண்டி போயிடும்." கம்பெனி தன் புத்தகத்தில் தானே எழுதிக்கொடுத்த முறைக்கு வாரண்டி எப்படிப் போகும்?

"நியூட்ரல் ஆபத்து சார்." சத்தியமான வார்த்தை. 2016-ல் ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி பதினொரு லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டது. லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓட்டுபவர்களுக்குச் சரியாகப் புரியாமல் வண்டிகள் உருண்டன. அந்த ஜூனில் ஆன்டன் யெல்ச்சின் என்ற ஹாலிவுட் நடிகர் தன் ஜீப்பே உருண்டு நசுக்கி இறந்தார். அதனால்தான் தெரிந்துகொண்டு செய்யச் சொல்கிறேன். ஆபத்து நேரத்தில் முதல்முறையாகத் தடவிப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து.

"நான் என் ஸ்லாட்லதான் நிறுத்தறேன், எனக்கு எதுக்கு?" பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்தால்? 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. காருக்குள் மாட்டியே சிலர் இறந்தார்கள். 2022 செப்டம்பரில் பெங்களூருவில் கோடீஸ்வரர்களின் கார்களும் பேஸ்மென்ட்டில் முங்கின. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியவர்களைப் பார்த்து ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் நகர்த்துவதுதான் புத்தி. தண்ணீர் வடிந்த பிறகு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் இன்ஜின் உடையும். ஸ்டார்ட் பண்ணி உடைத்தால் சாதாரண பாலிசியில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். தள்ள வேண்டுமானால் நியூட்ரல்! ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது காரைக் காப்பாற்றக் கீழே இறங்காதீர்கள். கார் போனால் போகிறது.

*

சரி, செய்ய வேண்டியது என்ன? இந்த ஞாயிற்றுக்கிழமை, சமதரையில், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துச் செய்யுங்கள். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், அதனால் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும்.

1. பேட்டரி நன்றாக இருந்தால் துளையே தேவையில்லை. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். இக்னிஷன் ஆன் பண்ணி, பிரேக்கை மிதித்து, லீவரை நியூட்ரலுக்கு இழுத்தால் பெரும்பாலான லீவர் வண்டிகளில் வந்துவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பொதுவாக இக்னிஷன் மட்டும் ஆன் ஆகும். இதற்கு ஓட்டத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எழுபது வயது மாமியாரும் செய்யலாம்.

2. பேட்டரி செத்திருந்தால்: சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல். ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். ஸ்குரூடிரைவர் நுனியில் துணி சுற்றி மூடியைப் பெயருங்கள். பிரேக்கை மிதியுங்கள். துளைக்குள் சாவியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, லீவர் பட்டனையும் அழுத்தி நியூட்ரலுக்கு இழுங்கள். பிறகு சாவியை எடுத்துவிடலாம்.

3. டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்த பிறகுதான் செங்கல்லையும் ஹேண்ட்பிரேக்கையும் எடுக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல் மாதிரி இறுகும். பலம் போட்டு மிதித்தால் பிடிக்கும். ஸ்டியரிங்கும் கனமாக இருக்கும், பூட்டியிருந்தால் திரும்பாது. சரிவில் நிற்கிற வண்டியை வேறு வழியே இல்லாவிட்டால் ஒழியத் தொடாதீர்கள்.

4. சரிவில் நிறுத்தி 'பி' இறுகிப்போய் வரவில்லை என்றால், வண்டியின் எடை முழுக்க அந்தக் கொக்கிமேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேர் மேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் லீவர் விடும். இனிமேல் நிறுத்தும்போது முதலில் நியூட்ரல், பிறகு ஹேண்ட்பிரேக், காலை எடுத்து வண்டி அதன்மேல் உட்கார்ந்த பிறகு 'பி'. இந்த வரிசையில் போட்டால் இறுகாது.

5. பட்டன் கியர், பட்டன் பிரேக், மின்சாரக் கார், ஏஎம்டி வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கி வீட்டுக்குள் வையுங்கள். காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு முழிக்காதீர்கள்.

6. ஊருக்குப் போகிறவர்கள் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கப் பயமாக இருந்தால் பக்கத்து வீட்டில் கொடுங்கள். கொடுக்கும்போது மூடி எங்கே என்று காட்டிக் கொடுங்கள். அதுவும் முடியாது என்றால் ஆட்டோமேட்டிக் வண்டியை வழியில் குறுக்கே நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

7. சொசைட்டி ஆபீஸில் ஒரு ரெஜிஸ்டர்: வண்டி நம்பர், என்ன கியர், துளை எங்கே, மாற்றுச் சாவி எந்த வீட்டில். கூடவே சக்கரத்துக்கு அடியில் கொடுத்துக் காரைத் தூக்கி உருட்டுகிற டிராலி நாலு. பூட்டிய கார், ஆள் இல்லை என்றால் அது ஒன்றுதான் வழி. ஹோலி பட்ஜெட்டில் கொஞ்சம் குறைத்தால் வாங்கிவிடலாம்.

எங்கள் சொசைட்டியில் ரெஜிஸ்டர் வந்துவிட்டது. அதை எழுதிப் பராமரிப்பவர், அன்றைக்கு வாட்ஸ்அப்பில் எல்லோரும் கிழித்தார்களே, அந்தப் பெண்மணிதான். கார் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போய், மூடியைத் திறந்து காட்டச் சொல்கிறார். காட்டத் தெரியாதவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான் என்று கேள்வி. வாட்ஸ்அப் வீரர்களும் இதில் அடக்கம்.

டிராலி இன்னும் வரவில்லை. அடுத்த ஏஜிஎம்மில் கேட்கப்போகிறேன். உங்கள் சொசைட்டியிலும் கேளுங்கள்.

பி.கு.: எந்த மாடல் காரில் துளை எங்கே என்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். "எங்க கார்ல அப்படி ஒண்ணும் கிடையாது" என்று எழுதுவதற்கு முன், தயவுசெய்து புத்தகத்தின் பிளாஸ்டிக் கவரைப் பிரியுங்கள் :-)